பெயர், ஊர், வருஷம்: ஆய்வுத் தரவு கோப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பழைய தமிழ் அச்சு நூல், கல்வெட்டு, கடிதம் என்று ஏதாவது ஒன்றை வைத்து ஆய்வு செய்கிறவர்கள் பட்டியல் போடும்போது உதவிக்கு என்னைக் கூப்பிடுவார்கள். பட்டியலில் உள்ள ஆளுக்கும் ஊருக்கும் நூலுக்கும் அடையாள எண் கொடுத்து, மற்றவர்கள் பட்டியல்களோடு இணைத்து வையுங்கள் என்பேன். அதற்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். தொலைபேசியில் பதினைந்தாவது முறை சொன்ன பிறகு, எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்களின் வார்த்தைகளை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறேன்.

எக்செல்லில் 1,200 புத்தகம் ஏற்றிட்டேன். அதுதானே தரவு? இதுக்கு மேல என்னத்தை இணைக்கணும்?

தரவுதான், சந்தேகமில்லை. ஆனால் அது உங்களுக்கு மட்டும் புரிகிற தரவு. உங்கள் பட்டியலில் "உ.வே. சாமிநாதையர்" என்று இருக்கும். இன்னொருவர் பட்டியலில் "சாமிநாத ஐயர், உ.வே.". மூன்றாமவர் "உ.வே.சா." என்று முடித்திருப்பார். வெளிநாட்டு நூலகப் பட்டியலுக்குப் போனால் "சா"வுக்கு ஆங்கிலத்தின் மூன்றாவது எழுத்தைப் போட்டிருப்பார்கள். பழக்கமில்லாதவர் அதைக் "காமிநாதையர்" என்றுதான் படிப்பார். நான்கும் ஒரே ஆள் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். கணினிக்கு நான்கு பேர்.

இணைப்பது என்றால் இந்த நான்கும் ஒருவரே என்று கணினிக்குப் புரிகிற மாதிரி எழுதி வைப்பது. அதைச் செய்துவிட்டால், 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டவரைப் பற்றி உங்கள் பட்டியலில் இருப்பதும், அவருக்கு வந்த கடிதங்களைப் பற்றி வேறொருவர் பட்டியலில் இருப்பதும் ஒரே தேடலில் வந்து நிற்கும். அதற்காக நீங்கள் இருவரும் சந்தித்துப் பேசியிருக்கக்கூட வேண்டாம்.

அடையாள எண், அடையாள எண்னு சொல்றீங்க. ஆதார் மாதிரியா?

கிட்டத்தட்ட. பெயர் மாறலாம், எழுத்துக்கூட்டல் மாறலாம், எண் மாறாது. ஆனால் ஆதார் ஆட்களுக்கு மட்டும். இங்கே ஊருக்கு, நூலுக்கு, அச்சகத்துக்கு, கோவிலுக்கு என்று எல்லாவற்றுக்கும் எண் உண்டு. விக்கிப்பீடியாவின் துணைத் திட்டமாக 2012-இல் தொடங்கிய விக்கித்தரவு என்ற பொதுத் தரவுத்தளத்தில் தமிழ் மொழிக்கு கியூ5885, தமிழ்நாட்டுக்கு கியூ1445. உலகின் பெரிய நூலகங்களின் ஆசிரியர் பட்டியல்களை ஒன்றுசேர்த்து எண் கொடுப்பது வியாஃப். ஊர்களுக்கு ஜியோநேம்ஸ்.

இது ஏதோ கணினிக்காரர்கள் கண்டுபிடித்த புதுமை என்று நினைக்க வேண்டாம். கல்வெட்டு ஆய்வாளர்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக "தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதி 2, எண் 1" என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோவிலின் அந்தக் கல்வெட்டை யார் எப்படி எழுதினாலும் எண் அதேதான். இணையத்தில் உள்ள ஈழத்து ஆவணக் காப்பகமான நூலகமும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் "நூலக எண்" கொடுத்திருக்கிறது. நூல் அங்கே இருந்தால் அந்த எண்ணையும் ஒரு நெடுவரிசையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நெடுவரிசை வைக்கிறது? பெயர்னு ஒண்ணு போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இப்போது சொன்ன தஞ்சைக் கல்வெட்டையே எடுத்துக்கொள்வோம். "நாங் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று ராஜராஜன் பேசுகிறான். நன்கொடையாளர் பட்டியல் போடுகிறவர் "நம் அக்கன்" இருக்கும் இடத்தில் "குந்தவை" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். தவறில்லை, அவள் குந்தவைதான். ஆனால் கல்லில் அந்த வரியில் இருப்பது "அக்கன்". குந்தவை என்பது நாம் வேறு சான்றுகளை வைத்துச் செய்த முடிவு. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுக் கலக்கினால், எது கல் சொன்னது, எது நாம் சொன்னது என்று நாளைக்கு யாராலும் பிரிக்க முடியாது. உங்களாலும்தான்.

ஆகவே ஒரு பெயருக்கு நான்கு நெடுவரிசை. மூலத்தில் உள்ளபடி எழுத்து மாறாமல் ஒன்று, அது யார் என்று நீங்கள் கொள்வது ஒன்று, அவருடைய அடையாள எண் ஒன்று, எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று ஒன்று. முதல் நெடுவரிசையில் அச்சுப்பிழை இருந்தால்கூடத் திருத்தாதீர்கள். நான்காவதுதான் சோம்பலில் முதலில் விடுபடும். ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில் முதலில் கேட்கப்படுவதும் அதுதான்.

எந்த மென்பொருள் சார்? ஒரே ஒரு பேர் சொல்லுங்க.

ஓப்பன்ரிஃபைன். இலவசம். உலாவியில் திறந்தாலும் உங்கள் கணினியிலேயே ஓடும், ஆகவே நீங்களாக வெளிச் சேவை எதோடும் ஒப்பிடாதவரை உங்கள் பட்டியல் வெளியே எங்கும் போகாது. 2010-இல் வேறு பெயரில் வந்து, கொஞ்ச காலம் கூகுள் கையில் இருந்து, 2012-இலிருந்து தன்னார்வலர்கள் நடத்தி வருகிறார்கள். ஒரு நெடுவரிசையில் எந்தப் பெயர் எத்தனை முறை வருகிறது என்று ஒரு சொடுக்கில் காட்டும். ஒன்றுபோலத் தெரிகிற பெயர்களைக் கொத்துக் கொத்தாகச் சேர்த்து, "இவை ஒன்றா?" என்று கேட்கும். ஒலியை வைத்துக் கொத்தாக்கும் முறைகள் ஆங்கிலம், ஜெர்மன் போன்ற மொழிகளுக்காகச் செய்தவை, தமிழுக்கு உதவாது. எழுத்து வித்தியாசத்தை எண்ணிப் பார்க்கும் முறைகளைப் பயன்படுத்துங்கள்.

அது கேட்கிற கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்லுங்கள். ஒருமுறை அவசரத்தில் எல்லாக் கொத்துக்கும் "ஆம்" கொடுத்துவிட்டேன். விளைவு, ஒரு பதிப்பாளர் எண்பது வருஷம் ஓய்வில்லாமல் புத்தகம் போட்டிருந்தார். பிறகுதான் விளங்கியது, தாத்தாவையும் பேரனையும் ஒட்டிவிட்டேன் என்று. பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கிற ஊரில் (பேரன் என்ற சொல்லே பெயரன்தான்) இந்த விபத்து நடக்கத்தான் செய்யும். மூலத்தில் உள்ளபடி ஒரு நெடுவரிசை தனியாக இருந்ததால் பிரித்தெடுக்க ஒரு சாயங்காலம்தான் ஆனது.

என் கணினியில சரியா இருக்கு. கைடு திறந்தா தமிழெல்லாம் ஜிலேபியா வருதாம்.

தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும், வட்டத்துக்குள் 'ஆர்' எழுத்தும் வரிசையாக வருகிறதா? அப்படியானால் கோப்பில் பிழை இல்லை. யூடிஎஃப்-8 முறையில் சேமித்த யூனிகோடு கோப்பை எக்செல் வேறு முறை என்று நினைத்துத் திறந்திருக்கிறது. இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், எக்செல்லின் தரவு இறக்குமதி வழியாகப் போய் யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். முக்கியமாக, ஜிலேபியாகத் திறந்த கோப்பை அப்படியே சேமித்துவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

டிஸ்கி போன்ற பழைய குறியேற்றத்தில் தட்டச்சு செய்த கோப்பு என்றால் கதை வேறு, அதை யூனிகோடுக்கு மாற்றியாக வேண்டும். மாற்றிகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. மாற்றிய பிறகு நூறு வரியாவது கண்ணால் படித்துப் பாருங்கள்.

ரெண்டு பெயரும் பார்க்க ஒண்ணாத்தான் இருக்கு. ஓப்பன்ரிஃபைன் மட்டும் வேற வேறன்னு அடம்பிடிக்குது.

அது அடம்பிடிப்பதில் நியாயம் இருக்கிறது. "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் ஒரே தோற்றம், உள்ளே வேறு. இதை யூனிகோடு சீராக்கம் சரிசெய்துவிடும். பட்டியல் முழுவதையும் ஒருமுறை அதில் போட்டு எடுங்கள்.

சீராக்கத்துக்கும் சிக்காதவை இரண்டு. ஒன்று "ஔ". பலர் "ஒ"வையும் "ள"வையும் பக்கத்தில் பக்கத்தில் தட்டி ஔவை என்று எழுதிவிடுகிறார்கள். இன்னொன்று "ஸ்ரீ". முதலில் "ஸ" போட்டும் அதை எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த "ஶ" போட்டும் எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாகவே தெரியும். ஸ்ரீநிவாசன், ஸ்ரீரங்கம் என்று நம் பட்டியல்களில் இது எத்தனை வரும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த இரண்டையும் தேடி மாற்றுவதை முதல் நாள் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

விக்கித்தரவுல நம்ம ஆட்கள்லாம் இருப்பாங்களா? இல்லைன்னா என்ன பண்றது?

பெயர்பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஓப்பன்ரிஃபைனில் இருந்தே உங்கள் பெயர்களை விக்கித்தரவோடு ஒப்பிடலாம். ஒப்பீட்டுச் சேவையின் முகவரியில் ஆங்கிலத்துக்கான மொழிக்குறி இருக்கிற இடத்தில் தமிழுக்கான குறியைப் போட்டால் தமிழ்ப் பெயர்களோடு ஒப்பிடும். பெயரை மட்டும் கொடுக்காமல் பிறந்த வருஷத்தையும் சேர்த்துக் கொடுங்கள். பெ. சுந்தரம் பிள்ளை என்பதோடு 1855 என்று சேர்த்தால், உலகத்தில் உள்ள மற்ற சுந்தரம் பிள்ளைகள் பெரும்பாலும் விலகிக்கொள்வார்கள். நம் பெயர்களில் முன்னெழுத்துதான் ஆளைப் பிரித்துக் காட்டுகிறது; "சும்மா இனிஷியல்தானே" என்று அதை வெட்டிவிடாதீர்கள்.

இல்லாதவருக்கு நீங்களே பதிவு உண்டாக்கலாம். நூலகப் பட்டியல் மாதிரி நம்பத்தக்க சான்று ஒன்று வேண்டும். அங்கே போடுவது அனைத்தும் பொது உரிமைக்குப் போய்விடும், யார் வேண்டுமானாலும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு சிறுநூலின் முகப்பில் மட்டும் வருகிற சாற்றுக்கவி (பாராட்டுப் பாட்டு) எழுதியவருக்கு அங்கே பதிவு போட முடியாமலும் போகலாம். அவருக்கு உங்கள் பட்டியலிலேயே "ஆள்-0417" மாதிரி ஒரு எண் கொடுங்கள், போதும். நாளைக்கு அவருக்குப் பொது எண் கிடைத்தால் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். கொடுத்த எண்ணை எந்தக் காலத்திலும் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்காமல் இருப்பதுதான் இதில் உள்ள ஒரே விதி.

ஊருக்கு எந்த எண் போடறது? அந்தக் காலத்து ஊரா, இந்தக் காலத்து ஊரா?

ஊரும் மாவட்டமும் வேறு வேறு விஷயங்கள், அதை முதலில் பிரியுங்கள். உ.வே.சா.வின் சொந்த ஊரான உத்தமதானபுரம் அவர் பிறந்த 1855-இல் தஞ்சாவூர் மாவட்டம், இப்போது திருவாரூர் மாவட்டம். ஊர் நகரவில்லை, கோடுதான் நகர்ந்தது. பழைய தஞ்சாவூர் மாவட்டம் இருந்த பரப்பில் 1991-இல் நாகப்பட்டினம், 1997-இல் திருவாரூர், 2020-இல் மயிலாடுதுறை என்று மாவட்டங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எனவே ஊருக்கு ஊரின் எண்ணைப் போடுங்கள், மாவட்டத்தை மூலத்தில் உள்ளபடி தனியாக வையுங்கள். நல்லூர், புதூர் மாதிரிப் பெயர்களுக்கு அட்சரேகை தீர்க்கரேகையும் சேர்த்தால்தான் நிம்மதி. ஆறுமுக நாவலரின் நல்லூர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. வரைபடக் கருவி தானாகத் தேடினால் அது எந்த நல்லூரில் கொண்டுபோய் ஊசி குத்தும் என்று சொல்ல முடியாது.

அச்சகமும் இப்படித்தான். நாவலரின் வித்தியாநுபாலன யந்திரசாலை யாழ்ப்பாணத்திலும் இருந்தது, சென்னையிலும் இருந்தது. அச்சகப் பெயருக்கு மட்டும் எண் கொடுத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். பெயரும் ஊரும் சேர்ந்து ஓர் எண்.

முசிறி மாதிரிப் பழங்கால இடங்களுக்கு ப்ளேயடஸ் என்ற பட்டியல் இருக்கிறது. கிரேக்க, ரோமானிய உலகத்தை மனதில் வைத்துத் தொடங்கியது என்றாலும் நம் கடற்கரை ஊர்கள் சிலவும் அதில் உண்டு.

முகப்புல "தாது வருஷம் ஆவணி மாதம்"னு மட்டும்தான் இருக்கு. தேதி நெடுவரிசையில என்ன போட?

மூலத்தில் உள்ளபடி நெடுவரிசையில் அப்படியே போடுங்கள். பக்கத்து நெடுவரிசைக்குத்தான் யோசிக்க வேண்டும். அறுபது வருஷச் சுழற்சியில் தாது 1816-17, 1876-77, 1936-37 மூன்றிலும் வருகிறது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் வீடுகளில் பேசுவது நடுவில் உள்ளதை. எந்தத் தாது என்பதை ஆசிரியரின் காலம், அச்சகம், விலை அணாவில் இருக்கிறதா என்பது போன்றவற்றை வைத்து முடிவு செய்து, அந்தக் காரணத்தை நான்காவது நெடுவரிசையில் எழுதுங்கள்.

1876 என்று முடிவானால் ஆவணி என்பது ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை. நாள் தெரியாதபோது 15 என்றோ 1 என்றோ கற்பனையாகப் போடாதீர்கள், அது பிறகு உண்மைத் தேதியாகவே உலவ ஆரம்பித்துவிடும். 1876-08/1876-09 என்று வீச்சாக எழுத ஒரு பன்னாட்டு முறை இருக்கிறது. ஐஎஸ்ஓ 8601 என்று பெயர். சந்தேகத்தைக் காட்டும் குறிகள் அதன் 2019 பதிப்பில் சேர்ந்தன. ஆண்டு சந்தேகம் என்றால் பின்னால் ஒரு கேள்விக்குறி, தோராயம் என்றால் ஓர் அலைக்கோடு. இன்னொரு கண்ணி, தாது வருஷம் தை மாதம் என்றால் அது 1877. சித்திரையில் வருஷம் பிறப்பதை மறந்து 1876 என்று போட்டவர்கள் பலர், நானும் அதில் சேர்த்தி. திருநெல்வேலிப் பக்கத்து நூல்களில் கொல்லம் ஆண்டு வரும். அதனுடன் 824 அல்லது 825 கூட்டிக்கொள்ளுங்கள், எது என்பதை மாதம் சொல்லும்.

கல்வெட்டின் ஆட்சியாண்டுக்கும் இதே வழிதான். ராஜராஜன் 985-இல் பட்டத்துக்கு வந்ததாகக் கொண்டால் அவனுடைய 26-ஆவது ஆண்டு 1010-11. "கொண்டால்" என்பதையும் எழுதி வையுங்கள்.

ஒரு புத்தகம் ஒரு தேதி சொல்லுது, இன்னொண்ணு வேற சொல்லுது. எதை நம்பறது?

இரண்டையும் பதியுங்கள். பாரதியார் மறைந்த நாள் நல்ல உதாரணம். செப்டம்பர் 11, 1921 என்றே நெடுநாளாக அனுசரிக்கிறோம். உயிர் பிரிந்தது நள்ளிரவு தாண்டி, ஆகவே 12 என்பார்கள் ஆய்வாளர்கள். விடியும்வரை முந்தின நாள் என்று கொள்கிற நம் வழக்கப்படி 11-உம் ஒரு கணக்குத்தான்.

எக்செல்லில் ஒரு கட்டத்தில் இரண்டு தேதி போட்டால் எல்லாம் குழம்பும். "தேதிக் கூற்றுகள்" என்று தனித் தாள் போட்டு, ஒரு கூற்றுக்கு ஒரு வரி எழுதுங்கள்: யாரைப் பற்றி, என்ன தேதி, யார் சொன்னது. விக்கித்தரவின் அமைப்பே இப்படித்தான். ஒரே ஆளுக்கு இரண்டு இறப்புத் தேதியை அது ஏற்றுக்கொள்ளும், ஒவ்வொன்றுக்கும் சான்று இணைக்கலாம், ஒன்றை மற்றதைவிட மேலான தரத்தில் வைக்கவும் முடியும். தீர்ப்புச் சொல்ல முடியாத இடத்தில் சும்மா விட்டுவிடலாம், தவறில்லை.

பட்டியல் சரி. நூலோட பாடத்தையே இணைக்க முடியுமா?

முடியும், ஆனால் வேலை பத்து மடங்கு. டிஇஐ என்ற குறிமுறையில், பாடத்துக்கு உள்ளேயே "இந்தச் சொல் ஓர் ஆள், இது ஓர் ஊர்" என்று குறியிட்டு அடையாள எண்ணைச் சேர்ப்பார்கள். அதன் வேலை 1987-இல் தொடங்கியது. கல்வெட்டுக்காக அதிலிருந்து பிரிந்து வந்தது எபிடாக். சிதைந்த எழுத்து, ஊகித்து நிரப்பிய எழுத்து என்று தனித்தனியாகக் காட்டும். 2019-இல் தொடங்கிய தர்மா என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் தமிழ்க் கல்வெட்டுகளுக்கும் இதைத்தான் பயன்படுத்தியது. "நம் அக்கன்" என்ற பாடம் மாறாமல் நிற்க, குந்தவையின் எண் அதன்மேல் ஏறி உட்காரும். மூன்றாவது பதிலில் சொன்ன அதே விஷயம்தான், நெடுவரிசைக்குப் பதில் குறி.

ஓசிஆர் (படத்தில் உள்ள எழுத்தைக் கணினியே படிக்கும் முறை) வைத்துப் பாடம் எடுப்பவர்கள் துணைக்காலையும் ரகரத்தையும் தனியாகச் சரிபாருங்கள், குழம்புகிற இடம் அது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய லை, னை, றா வடிவங்களும் படுத்தும். நூலின் பாடத்தை வெளியிடும் முன் உரிமையைப் பாருங்கள்: இந்தியாவில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு, இலங்கையில் 70. நூலின் பெயர், ஆண்டு, அச்சகம் ஆகியவற்றைப் பட்டியலிட யாரிடமும் அனுமதி வேண்டாம்.

ஆர்டிஎஃப், ஸ்பார்க்யூஎல்னு பயமுறுத்துறாங்க. கத்துக்கிட்டே ஆகணுமா?

வேண்டாம். ஆர்டிஎஃப் என்பது இணைத்த தரவை எழுதி வைக்கிற முறை, ஸ்பார்க்யூஎல் அதில் தேடுகிற மொழி. முதல் வருஷம் நிச்சயமாக வேண்டாம். எண்கள் ஒழுங்காக இருக்கிற எக்செல் தாளை ஆர்டிஎஃப் ஆக மாற்றத் தெரிந்தவருக்கு அது சில நாள் வேலை. எண் இல்லாத தாளை யார் வந்தாலும் மாற்ற முடியாது.

ஏஐகிட்ட பட்டியலைக் கொடுத்தா எண்ணைப் போட்டுத் தந்துடுமே?

தந்துவிடும், அதுதான் பயம். கேட்டவுடன் கியூவில் தொடங்கும் ஒரு எண்ணைத் தயங்காமல் சொல்லும். போய்ப் பார்த்தால் அது ஏதோ ஒரு கால்பந்து வீரரின் எண்ணாக இருக்கும். முகப்புப் பக்கத்திலிருந்து ஆசிரியர், அச்சகம், ஊர் என்று பிரித்தெடுக்கச் சொல்லுங்கள், அதில் உதவி உண்டு. எண்ணை ஓப்பன்ரிஃபைன் ஒப்பீட்டில் எடுத்து நீங்களே உறுதிசெய்யுங்கள். ஏஐ பிரித்துக் கொடுத்தது என்றால் அதையும் நான்காவது நெடுவரிசையில் எழுதுங்கள்.

வெளியிட்டா வேற யாராவது எடுத்துத் தீசிஸ் எழுதிட மாட்டாங்களா?

இந்தப் பயத்தைக் கேலி செய்ய மாட்டேன், நடக்கிறதுதான். ஆனால் பென்டிரைவில் நண்பருக்குக் கொடுத்த பட்டியல்தான் பெயரில்லாமல் சுற்றுகிறது. ஸெனோடோ என்ற இணையத் தரவுக் காப்பகத்தில் போட்டால் உங்கள் பெயரோடும் தேதியோடும் டிஓஐ என்ற நிலையான அடையாள எண் ஒன்று கிடைக்கும். இன்ன நாள் இது உங்களிடம் இருந்தது என்பதற்குச் சாட்சி. சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வகம் அதை 2013 முதல் நடத்துகிறது, கட்டணம் இல்லை. பட்டம் வாங்கும்வரை கோப்பைப் பூட்டி வைத்து, குறித்த தேதியில் திறக்கும்படியும் போடலாம். திருத்திய பதிப்பை ஏற்றினால் அதற்குத் தனி எண் வரும், பழையதும் அழியாது. துறைக்கென்று தனி இணையதளம் கட்டி அதில் மட்டும் வைக்காதீர்கள். நிதி முடிந்த மறு வருஷமே தளம் படுத்துவிடும்.

இதையெல்லாம் இப்ப சொல்றீங்களே. நான் ஏற்கெனவே நாலாயிரம் வரி அடிச்சிட்டேன்.

மறுபடி அடிக்க வேண்டாம். இருக்கிற பெயர் நெடுவரிசையை அப்படியே நகலெடுத்து, ஒன்றுக்கு "மூலத்தில் உள்ளபடி" என்று தலைப்பு மாற்றுங்கள். தட்டும்போது நீங்களே திருத்தியிருந்தால் அது உண்மையில் மூலம் ஆகாது, அதையும் ஒரு குறிப்பாக எழுதுங்கள். அப்புறம் ஓப்பன்ரிஃபைனில் திறந்து, எந்தப் பெயர் அதிகம் வருகிறது என்று வரிசைப்படுத்தி, மேலே வருகிற ஐம்பது பெயர்களுக்கு மட்டும் எண் தேடுங்கள். பதிப்பாசிரியர், பெரிய அச்சகம், சென்னை, யாழ்ப்பாணம் என்று திரும்பத் திரும்ப வருகிறவை சில டஜன்தான், பட்டியலில் கணிசமான பங்கு அவற்றிலேயே முடிந்துவிடும். ஒருமுறை மட்டும் வருகிற பெயர்கள் வால் மாதிரி நீளும். அவற்றை ஒரு மழைநாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.